புதுக் காசு எங்க ஊருக்கு எப்ப வரும்?

மாசி மாசம். மஞ்சள் வெட்டு முடிஞ்சு சாயங்காலம் களத்துல உக்காந்து கூலி கொடுத்துகிட்டு இருந்தேன். எல்லாரும் வாங்கிட்டுப் போன பிறகும் ஒரு ஆயா மட்டும் போகாம நின்னாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும், எங்கப்பா காலத்துல இருந்து எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வர்றவங்க. பழைய சேலைத் துணியில கட்டின ஒரு சின்ன மூட்டையை என் முன்னாடி வெச்சு அவிழ்த்தாங்க. பூராவும் பத்து ரூபாய்க் காசு.

"கண்ணு, இதெல்லாம் செல்லாதாமா? கடைக்காரன் கைல வாங்கவே மாட்டேங்கறான். பஸ்ஸுல கொடுத்தா கண்டக்டர் மொறைக்கறான்."

எண்ணிப் பார்த்தோம். நூத்தி நாப்பது காசு, 1400 ரூபாய். பேத்தி காதுகுத்துக்குன்னு சேத்து வெச்சது. இதுல பாதிக்கு மேல நானே கூலியோட கொடுத்ததா இருக்கும். பேங்குல சில்லறை கேட்டா இதைத்தான் கொடுப்பாங்க, நானும் இதைத்தான் கொடுப்பேன். நான் கொடுத்த கூலி ஆயா கையில போய் செல்லாக்காசு ஆயிடுச்சேன்னு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நோட்டா மாத்திக் கொடுத்து அனுப்பிட்டு, மூட்டையை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.

அன்னைக்கு வீட்டுல அக்கா பையன் இருந்தான். கோயமுத்தூர்ல வேலை, பொழுதுபோக்குக்கு நாணயம் சேக்கறான். மூட்டையைப் பாத்ததும் கண்ணு விரிஞ்சிடுச்சு. "மாமா, கலைக்காதீங்க, நான் பாத்துக்கறேன்"னு தரையில துணியை விரிச்சு வருஷம் வாரியா அடுக்க ஆரம்பிச்சான். அவன் அடுக்க அடுக்க, நான் கேள்வி கேக்க, ராத்திரி பன்னெண்டு மணி ஆயிடுச்சு. இந்தப் பதிவு அந்த ராத்திரி பேச்சுல ஆரம்பிச்சது. அப்புறம் நானும் கொஞ்சம் படிச்சு, எங்க பெரியவங்க சொன்னதையும் சேத்து எழுதறேன்.

முதல்ல அவன் எடுத்துக் காட்டினது 2006-ன்னு வருஷம் போட்ட ஒரு காசு. "இது மக்கள் கைக்கு வந்தது எப்பன்னு நினைக்கறீங்க?" 2006-லதானேன்னேன். சிரிச்சான். ரெண்டு உலோகத்துல செஞ்ச பத்து ரூபாய்க் காசை 2006-ன்னு தேதி போட்டு அடிச்சாங்க. ஆனா அது பேங்குகள் வழியா புழக்கத்துக்கு வந்தது 2009-ல. நடுவுல மூணு வருஷம். எங்க ஊருக்கு அது வந்து சேந்தது அதுக்கும் பின்னாடி. நான் முதன்முதலா ஈரோட்டுல ஒரு டீக்கடையில அதை வாங்கி, இது ஏதோ வெளிநாட்டுக் காசுன்னு திருப்பிக் கொடுத்திருக்கேன். அன்னைக்கு அந்தக் காசை வாங்கமாட்டேன்னு சொன்ன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்.

காசுல இருக்கற வருஷம் அதை அடிச்ச வருஷம், அவ்வளவுதான். நம்ம கைக்கு வர்ற வழி ரொம்ப நீளம். நகரத்துல இருக்கறவங்களுக்கும் இந்த வழி தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

நோட்டு அடிக்கறதும் காசு அடிக்கறதும் ஒரே ஆளு இல்லை. நோட்டுக்குப் பொறுப்பு ரிசர்வ் வங்கி. காசு மத்திய அரசோடது, ரிசர்வ் வங்கி அதை விநியோகம் மட்டும்தான் பண்ணுது. புதுசா ஒரு காசு வரணும்னா முதல்ல அதோட எடை, அளவு, உலோகம், வடிவம் எல்லாம் அரசிதழ்ல வரும். என் மருமகன் மாதிரி ஆளுங்க அப்பவே முழிச்சுக்குவாங்க. அப்புறம் நாலு நாணயச்சாலைகள்ல ஏதாவது ஒண்ணுலயோ நாலுலயுமோ அடிப்பாங்க. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. எதுல அடிச்சதுன்னு வருஷத்துக்குக் கீழ பாத்தா தெரியும். நொய்டான்னா ஒரு புள்ளி, ஹைதராபாத்னா நட்சத்திரம், மும்பைன்னா வைரம் மாதிரி ஒரு கட்டம், கொல்கத்தான்னா ஒண்ணும் இருக்காது. நாப்பது வருஷமா காசு எண்ணறேன், இதை நான் கவனிச்சதே இல்லை. இப்ப சந்தையில காசு வாங்கினா கண்ணு தானா வருஷத்துக்குக் கீழ போகுது. வியாபாரம் கெடுது.

நாணயச்சாலையில இருந்து மூட்டை மூட்டையா ரிசர்வ் வங்கியோட வட்டார அலுவலகங்களுக்கு வரும். நம்ம பக்கத்துக்கு சென்னை ராஜாஜி சாலை. அங்க இருந்து போலீஸ் காவலோட பெரிய பேங்கு கிளைகள்ல இருக்கற கரன்சி செஸ்ட்டுக்கும், சில்லறைக் காசு வைக்கறதுக்குன்னே இருக்கற கிடங்குகளுக்கும் போகும். நாடு முழுக்க அப்படி ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. கிடங்குல இருந்து சின்ன கிளைகள், அங்க இருந்து கவுன்டர், கவுன்டர்ல இருந்து கடைக்காரர், கடைக்காரர்கிட்ட இருந்து நம்ம. ஒவ்வொரு இடத்துலயும் பழைய சரக்கு தீந்தாத்தான் புது சரக்கு உள்ள வரும். நம்ம வீட்டு நெல்லுக் குதிர் மாதிரி, மேல புதுசைக் கொட்டினாலும் கீழ இருக்கறதுதான் முதல்ல வெளிய வரும்.

காசு சேக்கறவங்களுக்கு இந்த வரிசையில குறுக்கு வழி தெரியும். அமெரிக்காவுல காசைக் காகிதத்துல உருளையா சுத்தித்தான் பேங்குல கொடுப்பாங்களாம். கால் டாலர்னா ஒரு உருளைக்கு நாப்பது காசு, ஒரு சென்ட்னா அம்பது. பேங்குல உருளையை வாங்கிட்டு வந்து, வீட்டுல பிரிச்சு, வேணுங்கறதைப் பொறுக்கிட்டு மீதியைத் திருப்பிக் கட்டறவங்க அங்க ஏராளம். நம்ம ஊருல உருளை கிடையாது. மூட்டை, இல்லைன்னா நூறு காசு போட்ட பிளாஸ்டிக் பாக்கெட். பத்து ரூபாய்க் காசு ஒரு மூட்டைக்கு 2000 இருக்கும், அதாவது 20,000 ரூபாய். ஒரு காசு 7.71 கிராம், அப்ப மூட்டை பதினஞ்சு கிலோவுக்கு மேல. 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சப்ப டெல்லியில ஒருத்தர் பேங்குல அந்த மாதிரி ஒரு மூட்டையைத் தோள்ல தூக்கிட்டு வந்த படம் பேப்பர்ல வந்துச்சு, ஞாபகம் இருக்கலாம்.

கிடங்கு இருக்கற கிளையில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா, புது வருஷத்துக் காசு மூட்டை இறங்கின அன்னைக்கே சேதி வந்துடுமாம். ஆளுக்கொரு பாக்கெட்னு பங்கு போட்டு வாங்கிக்குவாங்க. பிரிக்காத பாக்கெட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. கை படாத காசுக்கு இன்னும் ஜாஸ்தி. நினைவு நாணயம்னா நாணயச்சாலையே டப்பாவுல அடைச்சு முன்பதிவு வாங்கி விக்குது, அது வேற கணக்கு.

இதுல எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. பசுமைப் புரட்சி காலத்துல மத்திய விவசாய அமைச்சரா இருந்த சி. சுப்பிரமணியம் எங்க கொங்குச் சீமைக்காரர், பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையம். அவரோட நூற்றாண்டுக்கு 2010-ல அவர் முகம் போட்ட அஞ்சு ரூபாய்க் காசு வந்துச்சு. அதே வருஷம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதுக்கும் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு. ரெண்டையும் நான் முதன்முதலா பாத்தது என் மருமகன் ஆல்பத்துல, பிளாஸ்டிக் உறைக்குள்ள. ஒரு தடவைகூட எங்க வாரச்சந்தையில என் கைக்கு வரலை. விதையும் உரமும் கொண்டுவந்த அமைச்சரோட காசு விவசாயி கைக்கு வரலைங்கறது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செஞ்சுது. ஏண்டா இப்படி எல்லாத்தையும் அமுக்கி வெச்சுக்கறீங்கன்னு கேட்டேன். "நாங்க எடுக்கறது கைப்பிடி மாமா, வந்தது கோடிக்கணக்குல. மிச்சம் எங்க போச்சுன்னு பேங்கைக் கேளுங்க"ன்னான். அதுவும் நியாயம்தான்.

புதுக் காசு தூரத்துல இருந்து வர்றது நமக்குப் புதுசு இல்லை. ஒரு காலத்துல சென்னையிலயே காசு அடிச்சாங்க. தங்கசாலைன்னு இன்னைக்கும் பேரு இருக்கே, அந்தத் தெருவுல. கும்பெனிக்காரங்களோட நட்சத்திர வராகன் எல்லாம் மெட்ராஸ்ல அடிச்சதுதான். 1869-ல அந்த நாணயச்சாலையை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் தமிழ்நாட்டுல காசு அடிக்கற இடமே கிடையாது. ரயத்துவாரி முறையில கிஸ்தியைப் பணமாத்தான் கட்டணும், நெல்லா அளக்க முடியாது. விளைஞ்சது வீட்டுல கிடக்கும், கையில காசு இருக்காது. அதனால வந்த விலைக்கு வித்து ரூபாயைத் தேடினது அந்தக் காலத்து விவசாயி. வரி வசூல் பண்றவருக்குக் கலெக்டர்னு பேரு. காசு சேக்கற என் மருமகனும் தன்னைக் கலெக்டர்னுதான் சொல்லிக்கறான்.

எங்க அப்புச்சி அணா காலத்து ஆளு. ரூபாய்க்கு பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, இல்லைன்னா பன்னெண்டு தம்பிடி. யுத்த காலத்துல செம்பு பத்தாம நடுவுல ஓட்டை போட்டு அடிச்ச காலணாவை அவர் அரைஞாண் கயித்துல கோத்து வெச்சிருந்தாராம், தொலையாதுன்னு. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்துச்சு. ரூபாய்க்கு நூறு. கேக்கறதுக்கு லேசு. ஆனா பழைய காசையும் உடனே எடுக்கலை, ரெண்டும் ஒண்ணா புழங்குச்சு. அதுலதான் வில்லங்கம். நாலணான்னா 25 பைசா, எட்டணான்னா 50, சரியா வரும். ஓரணா? ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்க போறது? சர்க்கார் கணக்குப்படி ஓரணாவுக்கு ஆறு பைசா, ரெண்டணாவுக்கு பன்னெண்டு, மூணணாவுக்கு பத்தொம்பது. அப்ப மூணு தடவை ஒவ்வொரு அணாவா மாத்தினா பதினெட்டு, ஒரேயடியா மூணணாவா மாத்தினா பத்தொம்பது. அப்புச்சி இதைக் கண்டுபிடிச்சு, சில்லறையா எதையும் மாத்தாம மொத்தமா சேத்துத்தான் மாத்துவாராம். அன்னாடம் கூலி வாங்கி அன்னாடம் அரிசி வாங்கறவனால அப்படிச் சேத்து மாத்த முடியுமா? கால் பைசா எப்பவும் அவன் கையிலதான் தேஞ்சிருக்கும்.

1964-ல 'நயா' போய் வெறும் பைசா ஆச்சு. கூடவே அலுமினியம் வந்துச்சு. அது என் சின்ன வயசுக் காசு. சதுரமா ஒரு பைசா, நெளிநெளியா ரெண்டு பைசா, ஆறு மூலையோட மூணு பைசா. ஒரு பைசாவைத் தொட்டித் தண்ணியில பதமா படுக்க வெச்சா மிதக்கும். எங்க செட்டுல யார் காசு ரொம்ப நேரம் மிதக்குதுன்னு பந்தயம். முங்கின காசை எடுக்கத் தொட்டிக்குள்ள இறங்கி அம்மாகிட்ட அடி வாங்கினது தனிக்கதை. எழுபதுகள்ல உணவு விவசாய நிறுவனத்துக்காகச் சில காசுகள் வந்துச்சு. 'எல்லோருக்கும் உணவு'ன்னு ஒண்ணு, 'அதிகம் விளைவியுங்கள்'னு ஒண்ணு, இந்தியிலயும் இங்கிலீஷுலயும் எழுதி. எங்களுக்கு அது படிக்கத் தெரியலை. விளைவிக்கறதை மட்டும் செஞ்சோம்.

அப்புறம் சில்லறைப் பஞ்சம் வந்துச்சு. எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் வளந்தவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். மளிகைக் கடையில மீதிக்கு மிட்டாய் கொடுப்பாங்க, பஸ்ஸுல டிக்கெட் பின்னாடி கண்டக்டர் எழுதிக் கொடுப்பார். நாம இறங்கற அவசரத்துல மறந்துடுவோம். வேலைக்கு வந்தவங்க நாலு பேருக்குச் சேத்து ஒரு நோட்டைக் கொடுத்து, "போய்ப் பிரிச்சுக்குங்க"ன்னு அனுப்பிடுவோம். அவங்க அதை மாத்த டீக்கடைக்குப் போவாங்க. டீ குடிக்காம சில்லறை கிடைக்காது. சில்லறைக்கு அவங்க கொடுத்த கமிஷன் அது. அன்னைக்கு அது எனக்குத் தப்பா தெரியலை.

அந்தப் பஞ்சத்துக்கு அரசாங்கம் செஞ்ச வேலைதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். நம்ம நாணயச்சாலைகளால அடிச்சு முடியலைன்னு வெளிநாட்டுல ஆர்டர் கொடுத்தாங்க. 1985-ல பர்மிங்காம்ல அடிச்ச ஒரு ரூபாய்ல வருஷத்துக்குக் கீழ 'எச்'ன்னு ஒரு எழுத்து இருக்கும். 1988-ல நொய்டா நாணயச்சாலை ஓட ஆரம்பிச்சும் பத்தலை. 1997-ல இருந்து கொஞ்ச வருஷம் மறுபடியும் வெளிநாடு. மெக்சிகோ, கொரியா, தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியா, ரஷ்யாவுல மாஸ்கோ, ஸ்லோவாக்கியாவுல கிரெம்னிட்சா. பிரிட்டோரியா காசுல ஒரு வளையத்துக்குள்ள 'எம்'. மாஸ்கோ காசுல ரஷ்ய எழுத்து மூணு. கிரெம்னிட்சா காசுல 'எம்', 'கே'ன்னு ரெண்டு எழுத்து. அந்த கிரெம்னிட்சா நாணயச்சாலை 1328-ல ஆரம்பிச்சதாம். இன்னும் ஓடிகிட்டு இருக்கு.

மருமகன் இதைச் சொன்னதும் எந்திரிச்சுப் போய் சாமி ரூம்ல இருந்த உண்டியலைக் கொண்டுவந்து கொட்டினேன். பழனிக்கு முடிஞ்சு வெச்ச காசு. தேடினதுல ஒரே ஒரு ரூபாய் கிடைச்சுது, 'எம்', 'கே'யோட. ஐரோப்பாவுல ஒரு மலையூருல அடிச்சு, கப்பல்ல வந்து, மூட்டையில வந்து, எங்க காட்டுல களை எடுத்த யாரோ ஒருத்தர் கைக்குப் போய், அவங்க கடையில கொடுத்து, சுத்திச் சுத்தி எங்க முருகன் உண்டியலுக்கு வந்திருக்கு. மருமகன் அதுக்கு அஞ்சு ரூபாய் தர்றேன்னான். சாமி காசு, தரமாட்டேன்னுட்டேன்.

பஞ்சம் போய் வெள்ளம் வந்துச்சு. 25 பைசாவும் அதுக்குக் கீழயும் 2011 ஜூன் 30-ஓட செல்லாம போச்சு. 2018 ஜனவரியில நாலு நாணயச்சாலையிலயும் காசு அடிக்கறதைக் கொஞ்ச நாள் நிறுத்தினாங்க. என்னன்னா, அடிச்சு வெச்ச காசு கிட்டங்கியில இடம் இல்லாம நிறைஞ்சு கிடக்கு, சுமார் 250 கோடி காசு. ரிசர்வ் வங்கி எடுக்கலை. அவங்க இடமும் செல்லாத நோட்டால நிரம்பிக் கிடந்த நேரம் அது. இதைப் படிச்சப்ப எனக்குத் தக்காளிதான் ஞாபகம் வந்துச்சு. விளைஞ்சு கிடக்கு, எடுக்க ஆள் இல்லை. ஒரே வித்தியாசம், காசை ரோட்டுல கொட்ட முடியாது.

இத்தனைக்கும் அதே நேரத்துல எங்க சந்தையில ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்க்கு அடிதடி. காசு இல்லாம இல்லை, வந்து சேரலை. ஒரு மூட்டைக் காசை விநியோகம் பண்ணினா பேங்குக்கு ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை கொடுக்குது. முதல்ல 25 ரூபாய் இருந்துச்சு. 2021 செப்டம்பர்ல இருந்து அதை 65 ஆக்கினாங்க. கிராமம், சின்ன ஊருன்னா மூட்டைக்கு இன்னும் பத்து ரூபாய் கூட. நல்ல எண்ணம்தான், குறை சொல்லலை. ஆனா பதினஞ்சு கிலோ தக்காளிப் பொட்டியைத் தோட்டத்துல இருந்து சந்தைக்குக் கொண்டுபோக நான் கொடுக்கற வண்டி வாடகையே அந்தப் பத்து ரூபாயைவிட ஜாஸ்தி. கிராமத்துக் கிளையில ரெண்டு மூணு பேர் வேலை பாக்கறாங்க. அவங்க காசு மூட்டையைப் பிரிச்சு, எண்ணி, கொடுத்து, திரும்ப வர்றதை எண்ணி வாங்கணும். யாரா இருந்தாலும் தள்ளிவிடத்தான் பாப்பாங்க.

இப்ப ஆயாவோட மூட்டைக்கு வர்றேன். பத்து ரூபாய்க் காசு செல்லாதுங்கற புரளி எங்க இருந்து வந்துச்சு? காசோட ஒரு பக்கத்துல வெளிய விரியற கோடுகள் இருக்கும், பாத்திருப்பீங்க. பழசுல பதினஞ்சு கோடு. ரூபாய்க்குன்னு தனிக் குறியீடு 2010-ல வந்துச்சு. அதைப் போட்டு 2011-ல வந்த காசுல பத்துக் கோடு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்ததும், "பதினஞ்சு கோடு போட்டது கள்ளக்காசு"ன்னு எவனோ ஒருத்தன் கிளப்பிவிட, வாட்ஸ்அப் மீதியைப் பாத்துகிச்சு. ரிசர்வ் வங்கி 2016-லயும் 2018-லயும் அறிக்கை விட்டுச்சு. இதுவரைக்கும் 14 வடிவத்துல பத்து ரூபாய் வந்திருக்கு, எல்லாமே செல்லும்னு. 14440-ன்னு ஒரு நம்பர்கூட கொடுத்தாங்க, கூப்பிட்டா குரல்ல பதில் சொல்லும். ஆயாகிட்ட செல்போன் இல்லை. கடைக்காரர்கிட்ட அந்தப் பதிலைப் போட்டுக் காட்டினாலும், "எங்கிட்ட மொத்த வியாபாரி வாங்கமாட்டேங்கறான், நான் என்ன பண்ணட்டும்?"னுதான் சொல்வார். அவரையும் குத்தம் சொல்ல முடியலை. மொத்த வியாபாரியைக் கேட்டா பேங்கைக் கை காட்டறார். கவுன்டர்ல இருந்து வெளிய வர்ற காசு திரும்ப உள்ள போக மாட்டேங்குது. கடைசியில யார்கிட்ட தேங்குதோ அவங்க தலையில விடியுது. எங்க ஊருல அது கூலிக்குப் போறவங்க.

மறுநாள் சாயங்காலம் ஆயா வேலை முடிஞ்சு வந்தப்ப மருமகன் அடுக்கி முடிச்சிருந்தான். 2006 போட்ட காசு மொத்தம் மூணு தேறுச்சு. ஒண்ணு ஓரளவுக்குத் தேயாம இருந்துச்சு, நொய்டா புள்ளியோட. அதைக் கையில எடுத்துகிட்டு, "ஆயா, இது எனக்கு வேணும்"னு நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். வெளிய அவ்வளவு போகாது, ஆயாவுக்காகத்தான் கொடுத்தான்னு எனக்குத் தெரியும். ஆயா நோட்டையும் காசையும் மாறி மாறிப் பாத்தாங்க.

"பத்து ரூபாய்க்கே வேண்டான்னானே கடைக்காரன். நீ எதுக்குச் சாமி நூறு தர்ற?"

அவன் நாணயச்சாலை, வருஷம், புள்ளின்னு என்னென்னமோ விளக்கினான். கேட்டுட்டு ஆயா நூறு ரூபாயை முந்தானையில முடிஞ்சுகிட்டு, "படிச்ச புள்ளைங்க"ன்னு என்னைப் பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

மீதி 139 காசு. சட்டப்படி ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரைக்கும் காசாக் கொடுத்தா வாங்கித்தான் ஆகணும், 2011 நாணயச் சட்டத்துல அப்படி இருக்கு. நம்ம கணக்குல கட்டறதுக்கு பேங்குல எவ்வளவு வேணும்னாலும் வாங்கலாம்தான், எதுக்கு வம்புன்னு ரெண்டு நாளாப் பிரிச்சுகிட்டேன். திங்கக்கிழமை நூறு காசு. "எண்ண ஆள் இல்லைங்க, அப்புறம் வாங்க"ன்னாங்க. நானே எண்ணி பிளாஸ்டிக் பாக்கெட்டுல போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், கடைசியில வாங்கிகிட்டாங்க. செவ்வாக்கிழமை முப்பத்தொம்பது. அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை, மூஞ்சி பழகிடுச்சு போல.

போனது போனோம்னு அந்த வாரக் கூலிக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை கேட்டேன். கவுன்டர்ல இருந்தவர் கீழ குனிஞ்சு ஒரு பாக்கெட்டை எடுத்து வெச்சார். பிரிக்காத பாக்கெட். உள்ள பளபளன்னு பத்து ரூபாய்க் காசு, 2019-ல அறிவிச்ச வரிசை, தானியக் கதிர் போட்டது. போட்டிருந்த வருஷத்தைப் பாத்தேன். ரெண்டு வருஷம் பழசு.

"நோட்டா இல்லீங்களா?"ன்னேன்.

"இதாங்க இருக்கு"ன்னார்.

மருமகனுக்கு போன் போட்டேன். "மாமா, தயவுசெஞ்சு பிரிக்காதீங்க, சனிக்கிழமை வர்றேன்"னான். கூலி வெள்ளிக்கிழமை கொடுக்கணும்.